சாமி இருக்கிற பெட்டி

"உர்ருனு இரையுதுக்கா. அது மட்டும் நின்னாப் போதும்.
செவ்வாக்கெழம காப்புக் கட்டு."
செக்கானூரணியிலிருந்து ஒச்சுக்காளை
மடியில் வைத்தே கொண்டுவந்த நூறு வாட்ஸ் பெட்டி.
சிம்மக்கல்லில் இறங்கும்போது படிக்கட்டில் ஒரு இடி வாங்கியதாம்.
அதை மூன்று முறை சொன்னார்,
குற்றம் முழுக்க அந்தப் பஸ்ஸினுடையது என்பதுபோல.

தலையில் சந்தனப் பொட்டு.
காற்றுத் துளை வழியே உள்ளே இறங்கியிருந்த திருநீறு.
நாலு திருகாணியில் ஒன்று சைக்கிள் மட்கார்டுடையது,
ஒன்றின் இடத்தில் கட்டுக்கம்பி.
திறந்தேன்.

ஃபியூஸ் இல்லை.
இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு.
சேலைக்குக் குத்துகிற ஊக்கு.
மூடி வைத்திருந்தார்கள்,
யாருக்கும் குத்திவிடக் கூடாதாம்.

ஸ்விட்சுக்குப் போகும் கம்பியில்
டேப்புக்குப் பதில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.
பசை உருகித் தேனாய் வழிந்து உறைந்திருந்தது.
கம்பிக்கும் தகரத்துக்கும் நடுவே
நாலாய் மடித்த காதணி விழாப் பத்திரிகை.
விரித்தேன்.
"தங்கள் நல்வரவை விரும்பும்"
அதற்குக் கீழே எல்லாப் பெயரும் கருகியிருந்தது.

பச்சைக் கம்பியைத் தேடினேன்.
அடியோடு நறுக்கி,
நறுக்கிய முனையில் நகப்பூச்சு தடவியிருந்தது.
ரோஸ் கலர்.
அந்தப் பெட்டிக்குள் பொறுமையாய்ச் செய்த ஒரே வேலை அதுதான்.

"மைக்கப் பிடிச்சா சுள்ளுனு இருக்குமா?"

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.
"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்!
சாமி இருக்கிற பெட்டிக்கா இது. பதினாலு வருசமா.
அழகுமல அண்ணன் 'தாயே'னு ஆரம்பிக்கும்போதே
ஒதட்டுல சுண்டும்பாரு.
செருப்போட தொட்டா ஒண்ணும் தெரியாது.
வெறுங்கால்ல நின்னு தொடணும்.
போன வருசம் மழையில ஒரு பயலத் தூக்கி அடிச்சிருச்சு.
குடிச்சிருந்தான்."

நனைந்திருந்தான், என்றேன்.
அவர் காதில் விழவில்லை.

அவர் டீ குடிக்கப் போன பிறகு
டெஸ்டரைத் தகரத்தில் வைத்தேன்.
சிவப்பாய் ஒரு புள்ளி எழுந்தது,
சந்தனத்துக்கு நடுவே வைத்த குங்குமம் மாதிரி.

முதலில் கெட்ட வார்த்தைதான் வந்தது.
பிறகு அந்த ராத்திரி தெரிந்தது.
இரண்டு மணி. நாடகம் பாதியில்.
ராஜபார்ட் வாயசைக்கிறார், சத்தம் வரவில்லை,
கூட்டம் விசிலடிக்கிறது.
யாரோ ஒருத்தி தோளிலிருந்து ஊக்கைக் கழற்றித் தருகிறாள்.
ஒருவர் சட்டைப் பையிலிருந்து பத்திரிகை.
எவனோ குதிகாலிலிருந்து உரித்த பிளாஸ்திரி.
வேசம் கட்டுகிற இடத்திலிருந்து நகப்பூச்சு.
ஒரு ஆள் செய்ததில்லை. ஊர் கூடிச் செய்திருக்கிறது.
அங்கே நான் நின்றிருந்தால்
ஊக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா?
சொல்லியிருப்பேன்.
யார் கேட்டிருப்பார்கள் என்பதுதான்.

இரைச்சலுக்குக் காரணம் வயிறு உப்பிய ஒரு கண்டென்சர்.
மாற்றினேன். கண்ணாடி ஃபியூஸ், புது வயர்.
பெயிண்டைச் சுரண்டி
வெறும் தகரத்தில் பச்சையை முறுக்கினேன்.
அறுநூற்று நாற்பது ரூபாய்.

"இந்தப் பச்ச எதுக்குக்கா?"
விளக்கினால் வெட்டிவிடுவார்.
"சாமி இறங்கிப் போக ஒரு வழி" என்றேன்.
கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப் போனார்.

செவ்வாய் ராத்திரி ஒன்பதே காலுக்குப் போன்.
"சத்தம் கணீர்னு இருக்குக்கா. கொற சொல்ல முடியாது.
ஆனா அழகுமல அண்ணன் எறங்கி வந்துட்டாரு.
ஒதட்டுல ஒண்ணுமே இல்லங்குறாரு.
சாமி எறங்கிப் போயிருச்சு, நீங்கதான் வழி வச்சீங்கங்குறாரு."

தொடாதீங்க, தொடாதீங்க என்று கத்துகிறேன்.
உறுமிச் சத்தத்தில் அது அங்கே போய்ச் சேரவில்லை.
அவர் பக்கத்துச் சத்தம் மட்டும்
எனக்குத் தெளிவாய்க் கேட்கிறது,
துளி இரைச்சல் இல்லாமல்,
நான் சரிசெய்த பெட்டியிலிருந்து:

"கத்திரி வச்சிருக்கவங்க
உடனடியா மைக்செட் பக்கம் வரவும்."